விளம்பரமா, அறிவிப்பா, அறிவிக்கையா?



களியக்காவிளையில் நடந்த எங்கள் கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில், சேமிப்புக் கணக்கு வாசித்து முடிந்து, எல்லோரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எல்லோருக்கும். ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் நாலாய் மடித்த ஒரு பத்திரிகைத் தாள். "பிள்ளே, இதில எனக்க நம்பர் உண்டா பாரு" என்று நீட்டினார்.

தாள் முழுக்க எறும்பு ஊருகிற மாதிரி எண்கள். மேலே கொட்டை எழுத்தில் "தங்க நகை பொது ஏல அறிவிப்பு" என்று இருந்தது. கிளையின் பெயர், கடன் எண்கள், ஏலம் நடக்கிற நாள், நேரம், இடம். அக்காவின் அடகு ரசீதை வைத்துத் தேடினோம். எண் இருந்தது. ஏல நாள் ஒன்பது நாளைக்கு முன்பே போய்விட்டது.

"இந்தப் பக்கத்தை அப்பவே பாத்தேனே! அடுத்த வீட்டுப் பையன் காட்டினான். விளம்பரம் தானேண்ணு விட்டுட்டேன்" என்றார் அக்கா. தபால் ஒன்று வந்திருக்கிறது. அப்போது அவர் மகளின் பிரசவத்துக்காகப் பாறசாலையில் இருந்தார். வீடு பூட்டியிருந்ததால் தபால் திரும்பிப் போய்விட்டது. மூன்று பவுன் மாலை.

வட்டி கட்டாதது தவறுதான். அக்காவே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த அன்று சீட்டுப் பணத்தையோ குழுவின் உள்கடனையோ வாங்கிக் கட்டியிருந்தால் மாலை மிஞ்சியிருக்கும். "விளம்பரம் தானே" என்ற இரண்டு சொல் அதைத் தடுத்துவிட்டது. அதனால் இந்த இதழின் பாடத்துக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டோம்.

நாம் விளம்புகிறவர்கள்

வேறு மாவட்டத்துக்காரர்கள் சோறு "பரிமாறுவார்கள்" அல்லது "போடுவார்கள்". விளவங்கோட்டில் நாம் விளம்புவோம். "பந்தி இருந்தாச்சு, விளம்புங்கோ" என்றால்தான் நமக்குப் பசி அடங்கும். இதைக் கேட்டு மதுரையிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் சிரித்தார். அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: விளம்புதல் என்பது நல்ல பழந்தமிழ்ச் சொல். அதற்கு மூன்று பொருள் உண்டு. சொல்லுதல் ஒன்று, எல்லோரும் அறியச் செய்தல் ஒன்று, உணவு பரிமாறுதல் ஒன்று. மற்ற ஊர்களில் பேச்சில் இது மறைந்துவிட்டது. நம் ஊரில் அடுக்களையிலேயே இருக்கிறது.

இந்த விளம்பு என்பதில் இருந்துதான் விளம்பரம். எல்லோருக்கும் தெரியும்படி அரசு எடுத்து வைக்கும் சொல், அதுவே அதன் பழைய பொருள். இன்று விளம்பரம் என்றதும் சோப்பும் புடவையும் நகைக்கடையும் நினைவுக்கு வருகின்றன. நம் பாட்டிமார் காலத்தில் அப்படி இல்லை. நம் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அங்கே மகாராஜா குடிமக்களுக்கு வெளியிடுகிற உத்தரவுக்கு விளம்பரம் என்று பெயர். மலையாளத்தில் இன்றும் அதே பெயர்தான். வியாபார விளம்பரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் பரஸ்யம். ரகசியத்துக்கு எதிர்ச்சொல். நம் பேச்சிலும் "பரசியமாச் சொல்லாதே" என்று சொல்லுகிறோமே, அதே சொல்.

திருவிதாங்கூர் வரலாற்றின் பெரிய திருப்பங்கள் பலவும் விளம்பரம் என்ற பெயரிலேயே நிற்கின்றன. நம் மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் வெள்ளையருக்கு எதிராக மக்களை அழைத்தது குண்டறை விளம்பரம். அடிமை முறையை ஒழித்தது 1855-ஆம் ஆண்டு விளம்பரம். சர்க்கார் பாட்ட நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை கொடுத்தது 1865-ஆம் ஆண்டுப் பாட்ட விளம்பரம். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் கொல்லம் ஆண்டு போட்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உரிமைகளின் வேரைத் தேடிப் போனால் இப்படி ஏதாவது ஒரு விளம்பரத்தில் போய் நிற்கும்.

நம் உடம்பைப் பற்றிய விளம்பரங்கள்

பெண்களாகிய நாம் மறக்கக் கூடாத விளம்பரங்கள் வேறு. தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2023 மார்ச் 6-ஆம் தேதி நாகர்கோவிலில் அதன் 200-ஆவது ஆண்டு விழா நடந்தபோது தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் இருந்தார்கள். ஆனால் "போராட்டம் நடந்தது, மேலாடை கிடைத்தது" என்று இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் என்ன எழுதப்பட்டது என்று படித்தால்தான் ஒரு அரசு அறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பது விளங்கும்.

நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மார்பை மூடக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்த 1810-களில், கிறிஸ்தவத்தில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. பெண்களோ சட்டையோடு நிற்கவில்லை. உயர்ந்த சாதிப் பெண்கள் போடுவது போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1822 முதல் கல்குளம், இரணியல் பக்கங்களில் அடிதடி. சந்தைக்குப் போன பெண்களின் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள்.

1829 பிப்ரவரியில் அரசு விளம்பரம் வெளியிட்டது. நாடார் பெண்கள் தோள்சீலை போடுவது முறையல்ல, கூடாது என்றது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தது ஒரு ராணி, கௌரி பார்வதி பாய். பெண் ஆட்சியில் இருந்தால் மட்டும் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு நான் கூட்டங்களில் இதைச் சொல்லுவதுண்டு.

அடுத்தது 1858. கம்பெனி ஆட்சி போய் விக்டோரியா ராணியின் ஆட்சி வந்தது. நவம்பர் 1-ஆம் தேதி ராணியின் பேரறிக்கை நாடெங்கும் வாசிக்கப்பட்டது. மக்களின் மத விஷயத்தில் அரசு தலையிடாது என்று அதில் இருந்தது. ஒரே அறிக்கைதான். இங்கே இரண்டு தரப்பும் அதைத் தங்களுக்குச் சாதகமாகப் படித்தார்கள். இனி நமக்குத் தடையில்லை என்றார்கள் ஒரு பக்கம். இனி பழைய வழக்கத்தில் வெள்ளைக்காரன் கை வைக்க மாட்டான் என்றார்கள் மறுபக்கம். அந்த ஆண்டின் கடைசியிலும் 1859-இன் தொடக்கத்திலும் தென் திருவிதாங்கூர் பற்றி எரிந்தது. வீடுகளும் பள்ளிகளும் ஜெப ஆலயங்களும் தீயில் போயின.

கடைசியில் சென்னை கவர்னர் ட்ரெவெலியன் நெருக்கியதால், 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் வெளியிட்டார். அதுதான் மேலாடை உரிமை தந்த விளம்பரம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அதில் இருந்ததைக் கவனித்துப் பாருங்கள். கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலச் சட்டை போடலாம். எந்த மதத்து நாடார் பெண்ணும் முக்குவத்திப் பெண்கள் கட்டுவது போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மூடலாம். ஆனால், உயர்ந்த சாதிப் பெண்கள் போடுவது போல மட்டும் போடக் கூடாது.

அந்த "ஆனால்" என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையில் ஒரு முடிச்சை வைத்துக்கொண்டது அரசு. உடம்பை மூடலாம், சமமாகத் தெரியக் கூடாது. முதல் மூன்று வரியைக் கேட்டுவிட்டு மகிழ்ந்து போனவர்களுக்கு நாலாவது வரி தெரிந்திருக்காது. அன்று நம் பெண்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! யாரோ வாசித்ததைக் கேட்டு நம்பினார்கள். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரமும் இப்படித்தான் படிக்க வேண்டியது. பிறப்பாலோ மதத்தாலோ இந்துவான எவருக்கும் கோயிலில் தடையில்லை என்றது. இந்தியா முழுவதும் கொண்டாடினார்கள். காந்தியடிகள் 1937 ஜனவரியில் அதற்காகவே திருவிதாங்கூருக்கு வந்தார். உண்மையிலேயே பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அது மகாராஜாவின் பொறுப்பிலும் அவர் அரசின் பொறுப்பிலும் இருந்த கோயில்களுக்குத்தான். தனியார் கோயில்கள் அந்த வாசகத்தில் வரவில்லை.

எல்லையில் சொல் மாறுகிறது

களியக்காவிளையில் இருக்கிற நமக்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் சொல்லின் பொருளே மாறிவிடும். இங்கே அறிவிப்பு என்று எழுதுவதை அங்கே அறியிப்பு என்று எழுதுவார்கள். அது பரவாயில்லை, புரிந்துவிடும். விஞ்ஞாபனம் என்ற சொல்லைப் பாருங்கள். கேரளத்தில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது அரசு வெளியிடுவது விஞ்ஞாபனம். பழைய தமிழில் விஞ்ஞாபனம் என்றால் பெரியவர்களிடம் பணிந்து சொல்லிக்கொள்வது. நாம் தினமும் எழுதுகிற விண்ணப்பம் என்ற சொல்லும் அதே வடமொழி வேரில் வந்ததுதான். அங்கே அரசு மக்களுக்குச் சொல்லுவது, இங்கே மக்கள் அரசிடம் கேட்பது. ஒரே வேர், ஒன்று மேலிருந்து கீழே வருகிறது, ஒன்று கீழிருந்து மேலே போகிறது. பாறசாலையில் பெண் கொடுத்த குடும்பங்கள் நம்மில் நிறைய. மகள் வீட்டுக் காகிதத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நான்கு தாலுகாக்களும் குமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பிறகு அலுவலகத்துக்கென்று தமிழ்ச் சொற்கள் வகுக்கப்பட்டன. கெஜட் அரசிதழ் ஆயிற்று. ஜி.ஓ. என்பது அரசாணை. சர்க்குலர் சுற்றறிக்கை. மெமோ குறிப்பாணை. நோட்டிபிகேஷன் அறிவிக்கை. விளம்பரம் என்ற சொல்லை வியாபாரிகளுக்கு விட்டுவிட்டார்கள். நம் பேச்சிலோ இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், நோட்டீசு. கோயில் கொடைக்கும் நோட்டீசு, சர்ச் பெருநாளுக்கும் நோட்டீசு, கோர்ட்டில் இருந்து வந்தாலும் நோட்டீசு. கொடை நோட்டீசைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கோர்ட்டு நோட்டீசில் பருப்பு மடித்த வீடும் உண்டு.

அறிவிப்பு வேறு, ஆணை வேறு

தலைவர் மேடையில் சொல்லுவதும் அறிவிப்பு, அமைச்சர் சட்டமன்றத்தில் சொல்லுவதும் அறிவிப்பு, பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் சொல்லுவதும் அறிவிப்பு. செய்யப் போகிறோம் என்று சொல்லும் சொல் அது. அது நடைமுறைக்கு வர அரசாணை வேண்டும். அரசாணையில்தான் யாருக்கு, எந்தத் தேதி வரை, எவ்வளவு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் இருக்கும்.

நம் எல்லோருக்கும் பட்டுத் தெரிந்த உதாரணம் 2021-ஆம் ஆண்டு நகைக்கடன் தள்ளுபடி. தேர்தல் வாக்குறுதியாக வந்தது. ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று 2021 செப்டம்பர் 13-ஆம் தேதி சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் அறிவித்தார். அன்று சாயங்காலமே "எல்லாம் தள்ளுபடி ஆயாச்சு, இனி வட்டி கெட்டண்டாம்" என்று பேச்சு. அரசாணை வந்தது நவம்பர் 1-ஆம் தேதி. அதில் இருந்த நிபந்தனைகளைப் பாருங்கள். கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த நகைக்கு மட்டும். 2021 மார்ச் 31-இல் நிலுவையில் இருந்த கடனுக்கு மட்டும். ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். அரசு ஊழியர் குடும்பத்துக்கு இல்லை. அந்த ஆண்டு பயிர்க்கடன் தள்ளுபடி வாங்கியவர்களுக்கு இல்லை. இப்படி இன்னும் சில. சுமார் 48 லட்சம் கடன்களை அலசியதில் சுமார் 35 லட்சம் கடன்கள் தகுதியில்லை என்று தள்ளுபடிக்கு வெளியே போயின.

அந்த நிபந்தனைகள் நியாயமா என்பது வேறு பேச்சு, அதைத் தனியே பேசலாம். இங்கே சொல்ல வருவது செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் நம் பெண்கள் செய்ததைப் பற்றி. தேசிய வங்கியிலும் தனியார் நிறுவனத்திலும் நகை வைத்தவர்கள்கூட வட்டி கட்டுவதை நிறுத்தினார்கள். தள்ளுபடி வராமல் வட்டியும் ஏறிப்போனதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டார்கள்.

மகளிர் குழுக் கடன் தள்ளுபடியும் அப்படியே. 2021 ஆகஸ்ட் மாதத் திருத்திய வரவு செலவுத் திட்டத்தில் 2,756 கோடி ரூபாய் என்று அறிவித்தபோது, கேட்டவர்கள் காதில் "மகளிர் குழுக் கடன்" என்பது மட்டும் விழுந்தது. "கூட்டுறவு" என்ற சொல் விழவில்லை. வணிக வங்கியில் இணைப்புக் கடன் வாங்கிய குழுக்களில் சில தவணையை நிறுத்திவிட்டு, பிறகு வங்கி மேலாளர் முன்னால் தலை குனிந்து நின்றன. அடுத்த கடனுக்குத் தரம் பார்க்கும்போது அது கேடாக வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முழுவதும் அந்தக் குழுக்களின் ஊக்குநர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அறிவிக்கை என்றால் நாள் ஓடுகிறது

இனி அறிவிக்கை. ஒரு சட்டத்தின் கீழ் அரசு முறைப்படி வெளியிடுவது, பெரும்பாலும் அரசிதழில் வருவது. தேர்தலுக்கு அறிவிக்கை, தேர்வாணைய வேலைக்கு அறிவிக்கை, நிலம் எடுப்பதற்கு அறிவிக்கை. இதில் முக்கியமானது, அறிவிக்கை வெளியான நாளில் இருந்து ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். நீங்கள் படித்தீர்களா இல்லையா என்று அது பார்க்காது.

காரோட்டிலிருந்து கன்னியாகுமரி வரை நான்கு வழிச்சாலைக்கு நிலம் எடுத்தபோது நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ரப்பர்த் தோட்டமும் தென்னந்தோப்பும் குளக்கரையும் போயின என்று உங்களுக்குத் தெரியும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இன்படி, நிலம் எடுக்கப்போகிறோம் என்ற அறிவிக்கை மத்திய அரசிதழில் வர வேண்டும். அதன் சாரத்தை இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில். நிலத்தில் உரிமை உள்ளவர் அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். இருபத்தொன்றே நாள். சர்வேயர் வந்து கல் நட்ட நாளில் இருந்து என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் வேறு பொதுத் தேவைக்கு எடுத்தால் முதல்நிலை அறிவிக்கைக்கு ஆட்சேபம் சொல்ல 60 நாள் உண்டு. அந்த அறிவிக்கையை ஊராட்சி அலுவலகத்திலும் தாலுகா, கலெக்டர் அலுவலகங்களிலும் உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது.

எது 21, எது 60 என்று எப்படித் தெரியும்? தாளின் தொடக்கத்திலேயே எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று போட்டிருக்கும். அந்த முதல் பத்தி வாய்க்குள் நுழையாத நடையில் இருக்கும். அதைப் படிக்கும்போது எனக்கே கொட்டாவி வரும். ஆனாலும் சட்டத்தின் பெயரையும் தேதியையும் மட்டுமாவது தனியே ஒரு காகிதத்தில் குறித்து எடுங்கள். அடுத்து சர்வே எண். சொத்து கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் சர்வே எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் தவறாக இருக்கலாம், இறந்து போனவர் பெயர்கூட இருக்கும், எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

முன்பெல்லாம் ஊரில் தண்டோரா போடுவார்கள். தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவர் வருவார், பின்னாலேயே பிள்ளைகள் ஓடும். எழுத்துத் தெரியாதவருக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த வேலையை ஒரு சாதியார் தலையிலேயே கட்டி வைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் முறை இனி வேண்டாம், ஒலிபெருக்கி வண்டியைப் பயன்படுத்துங்கள் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதினார். நல்ல முடிவு. ஆனால் தமுக்கு நின்ற இடத்தில் நாமே படிக்கிற பழக்கம் வந்து உட்கார வேண்டும். களியக்காவிளை பேரூராட்சி என்பதால் நமக்குக் கிராமசபை கிடையாது. பக்கத்து ஊராட்சிகளில் இருக்கும் சகோதரிகளுக்கு உண்டு, அங்கே போனால் இந்தத் தாள்களைப் பற்றிக் கேட்கலாம். நாம் பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையைத்தான் பார்க்க வேண்டும். வரி கட்டப் போகும்போது திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அக்காவின் மாலை

பழையபடி அந்த ஏலத் தாளுக்கு வருவோம். நகைக்கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் நகையை ஏலம் விடுவதற்கு முன் கடன் வாங்கியவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இரண்டு பத்திரிகைகளில் ஏல அறிவிப்புப் போட வேண்டும், ஒன்று வட்டார மொழியில். இது ரிசர்வ் வங்கியின் விதி. காசு கொடுத்துப் போடுவதால் அது புடவைக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இடம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றல்ல. புடவைக்கடைக்காரர் உங்களை வாங்கச் சொல்லுகிறார். ஏல அறிவிப்பு உங்களுடையதை விற்கப் போகிறேன் என்று சொல்லுகிறது.

அக்காவும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கிளைக்குப் போனோம். நகை எவ்வளவு எடை, எவ்வளவுக்கு ஏலம் போனது, அசலும் வட்டியும் எவ்வளவு என்று கணக்கு கேட்டோம். முதலில் "ஏலம் முடிஞ்சு போச்சு, ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். கடனையும் செலவையும் கழித்து மிஞ்சிய தொகை கடன் வாங்கியவருக்குச் சேர வேண்டியது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்து மூலம் கேட்டு, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து மீதிப் பணம் அக்கா கணக்கில் வந்தது. மாலை வரவில்லை. அது அவர் அம்மா போட்ட மாலை, அந்தப் பணத்துக்கு அது ஈடாகாது. பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அக்கா, "அந்தப் பையன் காட்டினப்ப நீங்க யாராவது பக்கத்தில இருந்திருந்தா..." என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். நகை அடகில் இருக்கும் உறுப்பினர்கள் கடன் எண்ணையும் தவணைத் தேதியையும் ஊக்குநரிடம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது, விருப்பம் உள்ளவர்கள் மட்டும். ஊர் மாறிப் போகிறவர்கள் போகும் விலாசத்தைக் கிளையில் எழுதிக் கொடுப்பது. தபால்காரர் கொண்டு வரும் பதிவுத் தபாலைப் பயந்து திருப்பி அனுப்பாமல் வாங்குவது. வாங்காவிட்டால் வரவில்லை என்று ஆகிவிடாது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு அச்சுத் தாளைக் கொண்டு வாருங்கள். மின்வாரியத்தில் இருந்தோ, பேரூராட்சியில் இருந்தோ, வங்கியில் இருந்தோ, பத்திரிகையில் வெட்டியதோ, எதுவானாலும் சரி. நடுவில் போட்டுக் கலந்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்து, கீழ்க்கண்டதைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டட்டும், பதிலை அவரே சொல்லட்டும்.

இந்தத் தாளை வெளியிட்டது யார்? மேலே என்ன பெயர் போட்டிருக்கிறது, அறிவிப்பா, அறிவிக்கையா, ஆணையா?

இதில் நாம் ஏதாவது செய்ய வேண்டியது உண்டா? உண்டென்றால் எந்தத் தேதிக்குள், யாரிடம்? அந்தத் தேதியை எந்த நாளில் இருந்து எண்ணுவது?

"ஆனால்", "மட்டும்", "தவிர", "உட்பட்டு" என்ற சொற்கள் இதில் எங்கே வருகின்றன? அவற்றைப் பேனாவால் வட்டமிடுங்கள். 1859 விளம்பரத்தில் அந்த வட்டம் எந்த இடத்தில் விழுந்திருக்கும் என்றும் பேசிப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ மாமியோ இருந்தால் "விளம்பரம்" என்றால் அவர்கள் என்ன பொருளில் சொல்லுவார்கள் என்று கேட்டு வாருங்கள். மங்காடு, பளுகல், மெதுகும்மல் பக்கத்துக் குழுக்களும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் சேர்த்துப் போடுவோம்.